ரௌசிங் கொடையும் ஒரு மணிநேர ஒலிப்பதிவும்

மாம்பழச் சாறு அடைத்து விற்கும் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் பொடி எழுத்தில் டெட்ரா பேக் என்று அச்சடித்திருக்கும். ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் 1951-ல் ரூபன் ரௌசிங் தொடங்கிய கம்பெனி அது. அவருடைய மகன் ஹான்ஸ் ரௌசிங் 1926-ல் கோத்தன்பர்க்கில் பிறந்தவர். லுண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல், புள்ளியியலோடு ரஷ்ய மொழியையும் பாடமாக எடுத்துப் படித்து 1948-ல் பட்டம் வாங்கினார். 1954-ல் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஆனார். 1995-ல் தன் பங்கை அண்ணன் காட் ரௌசிங்கிடம் விற்றுவிட்டு விலகினார். 2019 ஆகஸ்டு 30-ல், 93-வது வயதில் காலமானார்.

வணிக உலகத்துக்கு அவர் பால் பெட்டிக்காரர். மொழியியல் மாணவர்களிடம் அவர் பெயர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 2002-ல் அவருடைய மகள் லிஸ்பெட் ரௌசிங்கின் அறக்கட்டளை, அருகிவரும் மொழிகளைப் பதிவுசெய்ய 2 கோடி பவுண்டு ஒதுக்கி, அந்தத் திட்டத்துக்குத் தந்தையின் பெயரை வைத்தது. ஆர்க்காடியா என்று இன்று அறியப்படுவது அந்த அறக்கட்டளைதான். திட்டம் நடந்த இடம் லண்டனின் சோவாஸ், அதாவது கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி. கள மொழியியலுக்கு அங்கே ஏற்படுத்திய பேராசிரியர் பதவிக்கு ஹான்ஸின் மனைவி மாரிட் ரௌசிங்கின் பெயர். பணம் மகளுடையது, பெயர் பெற்றோருடையது. கொடையாளரை நினைவுகூரும்போது இந்த விவரத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்; பல இடங்களில் மகளின் பங்கு விட்டுப்போகிறது.

அந்தக் கொடை மூன்று கிளையாக ஓடியது. ஒன்று மானியம்: உலகில் எந்த நாட்டிலிருந்தும் ஒருவர் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது படிப்பு: 2003 முதல் மொழி ஆவணவியலில் எம்.ஏ., கள மொழியியலில் முனைவர் பட்டம். மூன்றாவது ஈலார் என்ற டிஜிட்டல் காப்பகம். மானியம் வாங்கியவர் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். எடுத்த பதிவுகளைக் காப்பகத்தில் சேர்த்தாக வேண்டும். இந்த நிபந்தனையைத்தான் கொடையின் மிகப் பெரிய நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கு முன் பெரும்பாலும் நடந்தது இதுதான்: மாணவர் கேசட்டுகளோடு மலைக்குப் போவார், இரண்டு வருஷம் கழித்து ஆய்வேடு எழுதுவார், கேசட்டுகள் துறை அலமாரியில் கிடக்கும். இருபது வருஷம் கழித்து எடுத்தால் நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், உறையில் எழுதிய பெயர் அழிந்திருக்கும். ஆய்வேடு மிஞ்சும், குரல் மிஞ்சாது.

அந்தமானில் மொழியியலாளர் அன்விதா அப்பி 2005-ல் தொடங்கிய பெரிய அந்தமானிய மொழிகளின் ஆவணப் பணிக்கு இந்தத் திட்டம்தான் பணம் கொடுத்தது. போ மொழி பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்துபோனார். அவர் பேச்சும் பாட்டும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. மட்டக்களப்பு, திருகோணமலையில் போர்த்துகீசிய வம்சாவளியினரான பறங்கியர் பேசும் இலங்கைப் போர்த்துகீசியத்தை லிஸ்பனைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோ குழு பதிவுசெய்ததும் இதே மானியத்தில்தான். தமிழ் பேசுபவர்களுக்கு நடுவில் சில நூற்றாண்டு வாழ்ந்ததால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு நகர்ந்துவிட்ட போர்த்துகீசியம் அது. சொல் போர்த்துகீசியம், வரிசை நம்முடையது. 2021-ல் மானியத் திட்டமும் காப்பகமும் பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்துக்கு இடம் மாறின. அதன் பிறகும் மானியம் தொடர்ந்தது.

நீலகிரியின் தோடா, கோத்தா, இருளா, குறும்பர் மொழிகளிலோ ஆனைமலைப் பக்கத்துக் காடர், முதுவர் மொழிகளிலோ வேலை தொடங்க நினைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ரௌசிங் திட்டத்தின் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்பட்டதும், களத்தில் அடிபட்டுக் கற்றுக்கொள்ள நேர்ந்ததும் சேர்ந்து கீழே வருகிறது. வேறு எந்த மானியத்துக்கும் இது பொருந்தும்.

விண்ணப்பம்

திட்டம் லண்டனில் இருந்த காலத்தில் சிறு மானியம் என்பது 10,000 பவுண்டு வரை, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை. தொகையும் விதியும் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவும். மாறாதது ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செலவுக்கென்று தனியாகச் சதவீதம் தர மாட்டார்கள். துறைத் தலைவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் கணக்குப் பிரிவு 15 சதவீதம் சேர்த்துக் கேட்டு, கையெழுத்து கிடைக்காமல் விண்ணப்பமே நின்றுபோவது உண்டு. இந்திய நிறுவனம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இருக்கிறதா என்பதையும் அதே நாளில் கேட்டுவிட வேண்டும். பதிவோ, முன் அனுமதியோ, சட்டத்திலிருந்து விலக்கோ இல்லாத கணக்கில் பணம் வராது.

அடுத்தது அனுமதி. காட்டுக்குள் உள்ள குடியிருப்பு என்றால் வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை இரண்டையும் அணுக வேண்டியிருக்கும். அந்தமானின் பழங்குடிக் காப்பிடங்கள் 1956-ம் ஆண்டின் தனி ஒழுங்குமுறைக்குள் வருகின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே குற்றம். இதற்கு ஆகும் மாதங்களை வேலைத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத திட்டத்தைப் படிப்பவர், இவர் அந்த இடத்துக்குப் போனதே இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

விண்ணப்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் நேரக் கணக்கு. 20 மணிநேரம் பதிவு, அதில் 5 மணிநேரத்துக்கு எழுத்தாக்கமும் மொழிபெயர்ப்பும் என்று எழுதுவது சுலபம். 5 மணிநேரம் என்றால் 300 நிமிடம். மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடப் பேச்சை எழுதி மொழிபெயர்க்க, பழகிய கைக்கே குறைந்தது ஒரு மணிநேரம் ஆகும். இருவர் பேசும் உரையாடல் என்றால் இன்னும் கூடும். ஒவ்வொரு சொல்லையும் பகுதி, விகுதி என்று பிரித்து இலக்கணக் குறிப்பும் போடுவதானால் இன்னொரு மடங்கு. ஆக 300 மணிநேரம் என்பது அடிமட்டக் கணக்கு. நாளுக்கு 6 மணிநேரம் உட்கார்ந்தாலும் 50 வேலைநாள். உடன் உட்காரும் மொழியாளருக்கும் 50 நாள் கூலி. பட்ஜெட்டில் கேமராவுக்குப் பெரிய தொகையும் இந்தக் கூலிக்கு ஒரு வரியும் இருந்தால், தேர்வுக் குழுவுக்கு அது உடனே கண்ணில் படும். பேச்சை எழுத்தாக்கும் உள்ளூர்க்காரரின் கூலிதான் இந்த வேலையில் முதன்மைச் செலவு. கருவி அதற்குப் பிறகு.

கருவி

ரெக்கார்டருக்குத் தேவையானவை நான்கு: ஒலியைச் சுருக்காத வேவ் வடிவில் பதியும் வசதி, வெளி மைக்கின் மூன்று முனைக் கேபிளைச் சொருகும் எக்ஸ்எல்ஆர் துளை, ஒலி அளவைக் கையால் வைக்கும் திருகு, ஹெட்போன் துளை. அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 மாதிரி; ஒவ்வொரு மாதிரியும் 24 பிட். இரண்டு தடத்தில் ஒரு மணிநேரம் பதிந்தால் சுமார் 1.04 ஜிபி ஆகும். 20 மணிநேரத்துக்கு 21 ஜிபி, மூன்று பிரதி வைத்தால் 63. இது பெரிய இடமே இல்லை. வீடியோ சேர்த்தால் கணக்கு வேறு: நொடிக்கு 24 மெகாபிட் அமைப்பில் ஒரு மணிநேரம் 10.8 ஜிபி, 20 மணிநேரம் 216 ஜிபி. ஹார்டு டிஸ்க் வாங்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள்.

ஏன் எம்பி3 கூடாது? மனிதக் காது கவனிக்காது என்று கணித்த ஒலியை அது வெட்டி எறிந்துவிடும். பாட்டுக் கேட்க அது போதும். ஒலியியல் அளவீட்டுக்குப் போதாது, எறிந்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை. போன் அழைப்புப் பதிவு இன்னும் மோசம். நொடிக்கு 8,000 மாதிரி எடுக்கும் பதிவில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஸகரத்தை ஷகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஒலியில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான். தோடாவில் ஸ, ஷ போன்ற உரசொலிகள் ஏராளம். தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலப் படும் சில ஒலிகள் அங்கே பொருளையே மாற்றும். அப்படிப்பட்ட மொழியை வாட்ஸாப் குரல்செய்தியில் வாங்கி ஆய்வு செய்ய முடியாது. செய்தி அனுப்ப, சந்தேகம் கேட்க அதைப் பயன்படுத்தலாம்.

பதிவின் தரத்தில் பாதிக்கு மேல் மைக்கின் கையில் இருக்கிறது. ரெக்கார்டரின் தலையில் இருக்கும் மைக்கை நம்பி மேசையில் வைத்தால், பேச்சோடு மேசைத் தட்டலும் வரும். சட்டையில் குத்தும் மைக்கோ தலையில் மாட்டும் மைக்கோ ஒருவர் பேச்சுக்கு நல்லது. தாங்கியில் வைக்கும் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். பகரம் வெடிக்கும்போது வரும் காற்று நேரே மைக்கில் மோதாது. மலையில் பஞ்சு உறை மட்டும் போதாது; ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு உறை வேண்டும். மைக்கில் அடித்த காற்றை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடிவதில்லை.

தானாக அளவு சரிசெய்யும் வசதியை அணைத்து வையுங்கள். அது இருந்தால், பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் ரெக்கார்டர் ஒலியைத் தூக்கும். பின்னால் இருக்கும் கோழிச் சத்தம் ஏறி வரும், பேச்சு தொடங்கியதும் அமுங்கும். சத்தமாகப் பேசும் கட்டத்தில் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடுமாறு கையால் வைத்தால் போதும். 24 பிட்டில் கொஞ்சம் மெதுவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யம்தான் ரெக்கார்டரின் உச்ச வரம்பு; அதைத் தாண்டி நறுக்கப்பட்ட ஒலிக்கு மருந்தில்லை. சிரிப்பு, அழைப்பு, பாட்டின் உச்சம் மூன்றும் திடீரென்று வரும், அவற்றுக்கு இடம் விட்டு வையுங்கள்.

ஹெட்போன் போடாமல் பதிவதுதான் மிகப் பரவலான தவறு. முள் ஆடுகிறது, எனவே பதிகிறது என்று நினைத்துக்கொள்வோம். கேபிள் முனை தளர்ந்து வரும் இரைச்சலுக்கும் முள் ஆடும். மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் பொத்தானை மறந்தால் பதிவு வெறுமையாக இருக்கும். போட்டால் பேட்டரி வேகமாகக் கரையும். எனவே ரீசார்ஜ் பேட்டரி மூன்று செட்: ஒன்று கருவியில், ஒன்று பையில், ஒன்று சார்ஜில். மழைக்காலத்தில் கருவிப் பெட்டிக்குள் சிலிக்கா பைகள் போடுங்கள். மாதக்கணக்கில் ஈரத்தில் இருந்தால் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

இடமும் நேரமும்

தகரக் கூரை, ஓடுபதித்த கூடம், பிரிட்ஜ் ஓடும் அறை மூன்றையும் தவிருங்கள். துணியும் பாயும் மூட்டையும் நிறைந்த சின்ன அறைதான் நல்ல ஸ்டுடியோ. மண்சுவர் வீடு சிமெண்ட் வீட்டைவிட மேல். வெளியில் என்றால் காலை வெயில் ஏறும் முன். பத்து மணிக்கு மேல் காற்று எழும். ஓடைச் சத்தம் காதுக்கு இனிமை, பதிவில் அது ஓயாத இரைச்சல். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கு முன் பெரியவரின் உடல்நிலையைப் பாருங்கள். வியர்த்துக்கொண்டு யாரும் கதை சொல்ல மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை விட்டு விசிறியைப் போடுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், மொழி, பேசுபவரின் பெயரோ குறியீடோ, பதிபவரின் பெயர், இவற்றை வாயால் சொல்லிப் பதியுங்கள். பத்து நொடி வேலை. பேட்டரி கழற்றிப் போட்டதும் சில ரெக்கார்டர்களில் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். கோப்பின் தேதியை நம்பி நோட்டுப் புத்தகத்தோடு பொருத்தப் பார்த்தால் எதுவும் சேராது. கோப்புக்குள் இருக்கும் குரல் மட்டும் எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே போகும்.

கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம், தமிழெழுத்தும் வேண்டாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் மொழிக் குறியீடு, பிறகு ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எட்டு இலக்கம், பிறகு இரண்டு இலக்க எண். அப்படி வைத்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். 'பாட்டி கதை புதுசு', 'பாட்டி கதை கடைசி' என்று வைத்தவை ஆறு மாதத்தில் அதை வைத்தவருக்கே புரியாது.

எதைப் பதிவது

ஒரே பெரியவரிடம் இருபது கதை வாங்கிவந்தால் அது ஒரு பெரியவரின் கதைமொழி. இருவர் பேசும் அரட்டை, வழி சொல்வது, சண்டை சமாதானம், தேன் எடுக்கும் முறை, கூடை முடையும்போது வரும் பேச்சு, பிள்ளையை அதட்டுவது, விடுகதை எல்லாம் வேண்டும். செய்முறையைப் பதியும்போது வீடியோ கட்டாயம். 'இதை இப்படி வளைத்து அதில் விடு' என்ற வாக்கியத்துக்குக் கை தெரியாமல் பொருளில்லை.

சொற்பட்டியல் கேட்கும்போது இடைமொழியின் நிழல் விழும். தமிழில் வாக்கியம் சொல்லி 'உங்கள் மொழியில் எப்படி' என்று கேட்டால், இரண்டும் தெரிந்தவர் தமிழ் வரிசையிலேயே திருப்பித் தருவார். மொழிபெயர்ப்பு வாக்கியமும் தானாக வந்த வாக்கியமும் வேறு வேறு என்று, பதிவுகளோடு காப்பகத்துக்குப் போகும் விவரப் பட்டியலில் குறித்துவையுங்கள். தமிழ் தெரிந்திருப்பதில் லாபமும் உண்டு. நாம், நாங்கள் வேறுபாட்டை நாம் கேட்காமல் விட மாட்டோம். ஆங்கிலம் வழியாகக் கேட்பவர் விட்டுவிடலாம். நம் மொழியில் இல்லாததைத்தான் நாம் தவறவிடுவோம். பெரிய அந்தமானியத்தில் உடலை மண்டலங்களாகப் பிரித்து, அதற்கேற்பச் சொல்லோடு சேரும் ஒட்டு மாறுகிறது என்பதை அன்விதா அப்பி எழுதியிருக்கிறார். உறுப்பின் பெயர் யாருடையது என்ற ஒட்டு இல்லாமல் தனியே வருவதில்லை. 'கை என்றால் என்ன?' என்று மட்டும் கேட்டுக்கொண்டு போயிருந்தால் அந்த அமைப்பு வெளியே வந்திருக்காது. என் கை, உன் கை, அவள் கை, வெட்டிப்போட்ட ஆட்டின் கால் என்று ஒவ்வொரு சொல்லையும் நான்கைந்து விதமாகக் கேளுங்கள். மூன்று முறை சொல்லச் சொல்லிப் பதியுங்கள். பட்டியல் வாசிக்கும் தொனி முதல் தடவையில் ஏறியும் மூன்றாவதில் இறங்கியும் வரும், நடுவில் உள்ளதை அளவீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்புதலும் கூலியும்

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் மூன்று பக்க ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கிவருவது ஒப்புதல் ஆகாது. அவர் மொழியிலோ நன்றாகத் தெரிந்த மொழியிலோ விளக்கி, அவர் பதிலையும் சேர்த்துப் பதியுங்கள். கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும்: பதியலாமா, மாணவர்கள் கேட்கலாமா, இணையத்தில் யாரும் கேட்கலாமா, உங்கள் பெயரைப் போடலாமா, நீங்கள் போன பிறகு முடிவைச் சொல்ல யாரைக் கேட்பது. ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு வேண்டாம் என்பார்கள். ஈலார் தொடக்கத்திலிருந்தே கோப்புவாரியாகக் கேட்கும் உரிமையைப் பிரித்து வைத்தது. பதிவுசெய்த பயனர் எல்லாருக்கும், ஆய்வாளருக்கு மட்டும், அந்தச் சமூகத்தாருக்கு மட்டும், கேட்டு அனுமதி பெற்றவருக்கு மட்டும் என்று. சாவுப் பாட்டு, ஆண்கள் மட்டும் கேட்க வேண்டிய மந்திரம், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய வம்பு எல்லாம் ஒரே பெட்டியில் போகக் கூடாது. பதிந்த மறுநாள் போட்டுக் காட்டி இன்னொரு தடவை கேளுங்கள். பேசும்போது மறந்து சொன்னதைக் கேட்கும்போதுதான் நீக்கச் சொல்வார்கள். அப்போது மறுபேச்சின்றி நீக்கிவிட வேண்டும்.

கூலி கதைக்கு இவ்வளவு என்று வைத்தால் கதைகள் குட்டையாகும், எண்ணிக்கை கூடும். நாள்கூலியாகக் கொடுங்கள், அந்த ஊரில் அந்தப் பருவத்தில் தோட்ட வேலைக்கு என்ன கிடைக்கிறதோ அதற்குக் குறையாமல். மிக அதிகமாகக் கொடுத்தாலும் சிக்கல்: குடும்பங்களுக்குள் யார் உட்காருவது என்ற போட்டி வரும், அடுத்து வரும் மாணவருக்குக் கட்டாது. தேயிலை பறிப்பு மும்முரமான வாரத்திலும் திருவிழாவுக்கு முந்தைய வாரத்திலும் யாரையும் பிடித்து உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொரு தொகைக்கும் தேதியிட்ட ரசீது, கைநாட்டானாலும் சரி. மானியக் கணக்கில் கேட்பார்கள்.

எழுத்தாக்கம்

நிமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகத் தரும் ஈலான் மென்பொருள்தான் பொது வழக்கு. ஒலியலையைப் பார்த்துக்கொண்டே வாக்கியம் வாக்கியமாக வெட்டி, கீழே அடுக்கடுக்காக எழுதலாம். பேசுபவருக்கு ஒரு அடுக்கு, அதன் கீழ் தமிழ் மொழிபெயர்ப்பு, அதன் கீழ் ஆங்கிலம், கடைசியில் குறிப்பு. இரண்டாவது பேச்சாளருக்குத் தனிக் கட்டு. அடுக்கு அமைப்பை முதல் நாளே முடிவுசெய்து வார்ப்பாக (டெம்ப்ளேட்) சேமித்துக்கொண்டு எல்லாக் கோப்புக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஐம்பது கோப்பு முடிந்த பிறகு அடுக்கின் பெயரை மாற்றுவது பெரும் தலைவலி. ஈலான் கோப்புக்குள் ஒலி இருக்காது, ஒலிக்கோப்பு எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டுமே இருக்கும். எழுத்துக் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று பதறியவர்கள் நிறையப் பேர். இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, ஒன்றாகவே நகர்த்துங்கள்.

எழுத்துரு யூனிகோடு மட்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய தமிழ்க் கட்டுரையைப் புதுக் கணினியில் திறந்தால் என்ன தெரியும் என்பது நமக்குத் தெரியும். பன்னாட்டு ஒலிக்குறிகளையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் தனி எழுத்துருக்களில் அடித்துவைத்தார்கள். மாற்றி எடுக்க ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்த வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் எழுதுவதானால், தமிழில் இல்லாத ஒலிகளுக்கு எந்தக் குறி என்று ஒரு பக்க அட்டவணை போட்டு, அதையும் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், எழுதியவர் கல்லூரியை விட்டுப் போனதும் அந்த எழுத்தாக்கத்தைப் படிக்க ஆளில்லை.

எழுத்தாக்கத்தை ஊரிலேயே முடிப்பது நல்லது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு எழுதினால், புரியாத சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி போட்டுக்கொண்டே போவீர்கள். மறுபடி போகும்போது அதைச் சொன்ன பெரியவர் இல்லாமல் போகலாம். ஒரு வாரம் பதிவு, இரண்டு வாரம் எழுத்தாக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்பவர்களின் வேலைதான் முழுமையாக வந்து சேர்கிறது.

பிரதிகள்

மெமரி கார்டிலிருந்து அன்றன்றைக்கே இரண்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இரண்டிலும் கோப்பைத் திறந்து கேட்டு, கோப்பின் அளவு பைட் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். களைப்பில் கார்டை முதலில் அழித்துவிட்டு நகல் பாதியில் நின்றதைக் கண்டுபிடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் பயணிக்கக் கூடாது; ஒன்று உங்களிடம், ஒன்று ஊரில் நம்பகமான வீட்டில். மூன்றாவது பிரதி காப்பகத்துக்கு. மானியக் காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் ஆண்டு நடுவிலேயே முதல் தவணையை அனுப்பிவிடுங்கள். விவரப் பட்டியலில் நீங்கள் செய்திருக்கும் தவறை அவர்கள் அப்போது சொன்னால் பத்துக் கோப்பில் திருத்தினால் போதும், இருநூறில் திருத்த வேண்டாம்.

பேசியவர்களுக்கும் நகல் போய்ச்சேர வேண்டும். இங்கே எம்பி3-தான் சரி. போனில் போடும் சிறு மெமரி கார்டில், ஆள்வாரியாகக் கோப்புறை பிரித்து, கூடவே அவர்கள் புகைப்படம் வைத்துக் கொடுங்கள். முன்பு குறுந்தகடாகக் கொடுத்தவை பல வீடுகளில் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றன. போட்டுக் கேட்கக் கருவி இல்லை. கார்டு மூன்று கொடுங்கள்: குடும்பத்துக்கு, ஊர்த் தலைவருக்கு, பள்ளிக்கூடம் இருந்தால் அதற்கு.

கையில் இருக்கும் டிஸ்க்குகளை வருஷத்துக்கு ஒருமுறை சொருகிப் பார்க்க வேண்டும். நாள் குறித்துக்கொள்ளாவிட்டால் யாரும் செய்வதில்லை. ரௌசிங் மறைந்த ஆகஸ்டு 30-ஐ வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஐந்து கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேளுங்கள். ஒன்று திறக்க மறுத்தாலும் அன்றே இன்னொரு பிரதியிலிருந்து முழு டிஸ்க்கையும் புதிதாக நகலெடுங்கள். ஐந்து வருஷம் ஆன டிஸ்க்கை, நன்றாக ஓடினாலும், புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதன் மேல் தேதி எழுதித் தனியே வையுங்கள்.